கையடக்க ஜிபிஎஸ் மலையில் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

எங்கள் டிரெக்கிங் குழுவில் கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் ஆறு இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவற்றில் ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடும். "ஆன் ஆகலைண்ணா", "சிக்னல் எடுக்க மாட்டேங்குது", "போன வாரம் நம்மளை எங்கேயோ காட்டுச்சு" என்று யாராவது கொண்டுவந்து வைப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் வண்டி கிளம்பிவிடும். அதற்குள் சரிசெய்தாக வேண்டும். இப்படிப் பல வருடம் பார்த்துவிட்டேன். கருவி உண்மையிலேயே பழுதாகி வந்தது மிகக் குறைவு. யாரோ மாற்றிவைத்த செட்டிங், ஒத்துவராத பேட்டரி, பூத்துப்போன ஸ்பிரிங், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். மெனுப் பெயர்கள் கார்மின் கருவிகளில் இருப்பவை. இங்கே பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுதான். வேறு நிறுவனக் கருவி என்றால் பெயர் கொஞ்சம் மாறும், சோதனை மாறாது.

ஒரே ஒரு வேண்டுகோள்: இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். பனிமூட்டத்தில் விரல் விறைத்து நிற்கும்போது மெனுவைத் தேடுவது ஆபத்து.

## கருவி ஆன் ஆகவே இல்லை

பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு போடுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்கக் கூடாது. பிளஸ், மைனஸ் பக்கங்களைப் பெட்டிக்குள் அச்சிட்ட படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் இருட்டில் மாற்றும்போது ஒன்று தலைகீழாகப் போய்விடுவது சகஜம்.

அடுத்த கேள்வி, போட்டது என்ன செல்? அடிவாரப் பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடுகிற சாதாரண கார்பன் செல். கடிகாரம் இழுக்கிற சொற்ப மின்சாரத்துக்கு அது மாதக்கணக்கில் தாங்கும். ஜிபிஎஸ்ஸில் போட்டால் திரை ஒளிரும், சாட்டிலைட் தேடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஆல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இருந்தால் இன்னும் நல்லது.

### ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால்

செல்லை உள்ளேயே வைத்துவிட்டு மழைக்காலம் முழுவதும் அலமாரியில் கிடந்த கருவியில் இதுதான் நடக்கும். மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் முனையில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி இருக்கும், செம்பு தெரியும் இடத்தில் நீலம் கலந்த பச்சை ஓடியிருக்கும். செல்லிலிருந்து கசிந்த காரம் அது. கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, ஸ்பிரிங் மேல் வைத்து உருட்டுங்கள். பொடி மெல்ல நுரைக்கும். நுரை அடங்கும் வரை புதுக் குச்சியால் துடையுங்கள். பிறகு சுத்தமான தண்ணீரில் தொட்ட குச்சியால் ஒரு முறை துடைத்து, மூடியைத் திறந்தபடியே இரவு முழுவதும் காயவிடுங்கள். காலையில் தட்டையான உலோகத் தகட்டைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் பளபளக்கும் வரை தேயுங்கள். ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தால் பல்குத்தும் குச்சியால் துளி மேலே தூக்கிவிடுங்கள்.

ஸ்பிரிங் அரித்து உடைந்துவிட்டது, அல்லது பச்சை உள்ளே சர்க்யூட் பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது சர்வீஸ் சென்டர் வேலை.

### செல்லும் நல்லது, ஸ்பிரிங்கும் சுத்தம், இன்னும் உயிர் வரவில்லை

யுஎஸ்பி கேபிளில் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். கேபிளில் ஆன் ஆகி, செல்லில் ஆகவில்லை என்றால் சிக்கல் செல் பெட்டியில்தான். மறுபடி சுத்தம் செய்து பாருங்கள். கேபிளிலும் ஆகவில்லை என்றால் மெமரி கார்டை வெளியே எடுத்துவிட்டு, பவர் பட்டனை மெதுவாகப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சர்வீஸ்தான்.

உள்ளேயே பேட்டரி வைத்த மாடலில் பின்மூடி உப்பியிருப்பது போலத் தெரிந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள். அந்த நிமிடமே பயன்பாட்டை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## பேட்டரி அரை நாள் கூடத் தாங்கவில்லை

கார்மினின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்ற கருவி இரண்டு ஏஏ செல்லில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. மலையில் அவ்வளவு வராது, ஆனாலும் ஒரு முழு நாள் நடைக்குத் தாராளம். மதியத்துக்குள் தீர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

செட்டப்பில் சிஸ்டம், அதற்குள் பேட்டரி டைப். ஆல்கலைன், லித்தியம், ரீசார்ஜபிள் என்று மூன்று இருக்கும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். ரீசார்ஜ் செல்லைப் போட்டுவிட்டு மெனுவில் ஆல்கலைன் என்று விட்டுவைத்தால், நிறையச் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று கருவி நினைக்கும். சரியாக இருக்கும் செல்லைத் தூக்கியெறிந்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. இந்த ஒரு வரியை மாற்றுவதற்குப் பத்து வினாடிதான்.

அப்புறம் திரை வெளிச்சம். எப்போதும் எரியும்படி வைக்காமல் 15 அல்லது 30 வினாடிக்குக் குறையுங்கள். வெயிலில் இந்தத் திரைகளுக்கு விளக்கே தேவையில்லை. கைப்பேசியோடு இணைக்கும் புளூடூத்தை அணையுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் இரவுகளிலும் இமயமலை நடையிலும் ஆல்கலைன் செல் சட்டென்று படுத்துவிடும். இரவில் செல்லைத் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஏஏ குளிரைத் தாங்கும், எடையும் குறைவு, விலைதான் அதிகம்.

## சாட்டிலைட் எடுக்கவில்லை

### எவ்வளவு நேரம் காத்தாலும் ஒன்றுகூட வரவில்லை

முதலில் டெமோ மோட். செட்டப், சிஸ்டம், சாட்டிலைட் சிஸ்டம் என்று போய்ப் பாருங்கள். அங்கே டெமோ மோட் என்று இருந்தால் கருவி வானத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். கடையில் காட்டுவதற்கும், வீட்டுக்குள் உட்கார்ந்து ரூட் பழகுவதற்கும் உள்ள வசதி அது. யாரோ பழகிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இந்த அறிகுறியோடு என்னிடம் வரும் கருவிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

டெமோ இல்லை என்றால் திறந்த வெளி. பால்கனி போதாது, ஜன்னல் போதாது. நாலாபக்கமும் வானம் தெரியும் மொட்டை மாடியில் கருவியைக் கிடத்திவிட்டு இருபது நிமிடம் தொடாமல் இருங்கள். வானத்தில் எந்த சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையை இறக்கிக்கொள்ள 12.5 நிமிடம் ஆகும். நடுவில் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இறக்கம் தடைபடும்.

இதற்கும் ஒன்றுமே வரவில்லை, பக்கத்தில் வைத்த இன்னொரு கருவி நன்றாகப் பிடிக்கிறது என்றால் ஆன்டெனா போயிருக்கலாம். வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

### வருகிறது, ஆனால் காலையில் முதல் முறை மிகவும் தாமதம்

இது கோளாறே கிடையாது. மாதக்கணக்கில் அணைத்து வைத்திருந்தாலோ, சென்னையில் அணைத்துவிட்டு டேராடூனில் ஆன் செய்தாலோ, கருவி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். வழக்கமாக ஒரு நாள் இடைவெளியில் ஆன் செய்தாலே சாட்டிலைட்டுகளின் புதிய விவரத்தை வாங்க அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் ஆன் செய்து, பானட் மேல் வைத்துவிட்டு ஷூ கட்டுங்கள். கட்டி முடிப்பதற்குள் பிடித்திருக்கும்.

### பிடிக்கிறது, ஆனால் தேதி இருபது வருடம் பின்னால் இருக்கிறது

பழைய கருவிகளில் இதைப் பார்த்துப் பதறிவிடுவார்கள். ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். 1999 ஆகஸ்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில், நம் கணக்கில் ஏழாம் தேதி விடியலில், இன்னொரு முறையும் அப்படித் திரும்பியது. அதற்கு ஏற்ப மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவி சுமார் 19 வருடம் 7 மாதம் பின்னால் போய்விடும். பெரும்பாலும் இடத்தைச் சரியாகவே காட்டும். தேதி, சூரிய உதய நேரம், டிராக்கில் (நடந்த வழியின் பதிவு) பதியும் நாள், இவைதான் தப்பு. நிறுவனம் அப்டேட் கொடுத்திருந்தால் போடுங்கள். கொடுக்கவில்லை என்றால் வழிகாட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். இதற்காக யாரிடமும் காசு கொடுத்து ரிப்பேர் செய்யாதீர்கள்.

### காட்டுக்குள் போனதும் விட்டுவிட்டு வருகிறது

சோலைக்காட்டில், அதுவும் மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது, எல்லாக் கருவியும் திணறும். பையின் அடியிலோ பேண்ட் பாக்கெட்டிலோ போட்டிருந்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். பையின் தோள்பட்டை வாரில் மேலே மாட்டுங்கள். தட்டையான ஈட்ரெக்ஸ் வகைக்கு முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே கட்டை விரல் போல ஆன்டெனா நீட்டிய வகைக்கு அந்த விரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும்.

சாட்டிலைட் சிஸ்டத்தில் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் அல்லது ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட்டுகளையும் சேர்த்துவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், காட்டுக்குள் அது பெறுமானம் உள்ள செலவு. வாஸ்/ஈக்னாஸ் என்ற வரி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பெயர் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளுடையது என்றாலும், அதே முறையில் இயங்கி, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் தகவல் அனுப்பும் நம் ககன் சாட்டிலைட்டைப் பிடிக்கும் வாய்ப்பு அதனால்தான் வருகிறது. சாட்டிலைட்டுகளைக் காட்டும் திரையில் 40 அல்லது 41 என்ற எண்ணும், பட்டைகளுக்குள் டி என்ற ஆங்கில எழுத்தும் தெரிந்தால் திருத்தம் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அடர்ந்த மரத்தடியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

## நிற்கும் இடத்தைத் தப்பாகக் காட்டுகிறது

இங்கே எவ்வளவு தப்பு என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

### 5 முதல் 30 மீட்டர்

திறந்த வெளியில் ஐந்து மீட்டர், காட்டுக்குள் முப்பது மீட்டர், இதெல்லாம் இயல்பு. உயரமான பாறைச்சுவர் ஓரம் நின்றால் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் கூடும். நாலு எட்டு விலகி நின்று பாருங்கள். தண்ணீர் ஊற்று, பாதை பிரியும் இடம் போல முக்கியமான புள்ளியைக் குறிக்கும்போது வேபாயிண்ட் ஆவரேஜிங் (குறிக்கும் இடத்துக்குப் பல அளவுகளின் சராசரி எடுப்பது) என்ற வசதியைப் பயன்படுத்தி இரண்டு மூன்று நிமிடம் அங்கேயே நில்லுங்கள்.

### நூறு, இருநூறு மீட்டர், எப்போதும் ஒரே திசையில்

இது டேட்டம், அதாவது இடத்தின் எண்களை எந்த நில உருவக் கணக்கில் அளப்பது என்ற அடிப்படை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ ஷீட்டுகள் (நில அமைப்பு வரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் என்ற நில உருவக் கணக்கில் வரையப்பட்டவை. 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய அந்த மாபெரும் அளவைப் பணியின் வழிவந்த கணக்கு அது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மலைமுகட்டில் அந்த அளவு என்பது முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வித்தியாசம்.

செட்டப்பில் பொசிஷன் ஃபார்மேட், அதற்குள் மேப் டேட்டம். அங்கே டபிள்யூஜிஎஸ் 84 தவிர வேறு எது இருந்தாலும், ஏன் அப்படி என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பழைய தாளோடு ஒப்பிட வேண்டியிருந்தால் தாளின் ஓரத்தில் எந்தக் கணக்கு என்று அச்சிட்டிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல்தான் இருக்கின்றன.

### பல கிலோமீட்டர்

இது எண்ணைத் தப்பான வடிவத்தில் உள்ளிட்டதால் வருவது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகக் கவலை தருவது இதுதான். ஏனென்றால் கருவி எந்த எச்சரிக்கையும் தராமல் நம்பிக்கையோடு வழிகாட்டும்.

ஒரு உதாரணம். கொடைக்கானல் ஏரிப் பக்கத்தில் ஒரு புள்ளியை நண்பர் வாட்ஸப்பில் 10.2345, 77.4867 என்று அனுப்புகிறார். கைப்பேசி வரைபடம் தரும் தசம டிகிரி அது. உங்கள் கருவியோ டிகிரி, நிமிடம் என்ற வடிவத்தில் இருக்கிறது. கட்டங்களைப் பார்த்து 10 டிகிரி 23.45 நிமிடம், 77 டிகிரி 48.67 நிமிடம் என்று தட்டிவிடுகிறீர்கள். அதே இலக்கங்கள்தான், அதே வரிசைதான். ஆனால் அந்தப் புள்ளி வடக்கே 17 கிலோமீட்டரும் கிழக்கே 35 கிலோமீட்டரும் நகர்ந்து, மலையை விட்டே இறங்கி ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் பக்கச் சமவெளிக்குப் போய்விடும். கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். சரியாக மாற்றினால் 10 டிகிரி 14.07 நிமிடம், 77 டிகிரி 29.20 நிமிடம் என்று வர வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அறுபதால் பெருக்கினால் நிமிடம்.

பெருக்கிக்கொண்டிருக்காமல் பொசிஷன் ஃபார்மேட்டையே தசம டிகிரிக்கு மாற்றிவிடுங்கள். குழுவில் எல்லாக் கருவியும் ஒரே வடிவத்தில் இருக்கட்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் யாரும் கவனித்துவிடுவார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும்போதுதான் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவோம். ஆகவே எந்தப் புள்ளியை உள்ளிட்டாலும், இருக்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று ஒரு முறை பார்த்து, மனதுக்குச் சரியாகப் படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூடிஎம் கட்டம், அதாவது டிகிரிக்குப் பதில் மண்டல எண்ணும் மீட்டரும் வைத்து இடம் சொல்லும் முறை, பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஒன்று. தமிழ்நாட்டின் நடுவே, திண்டுக்கல்லை ஒட்டி, இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. கொடைக்கானலும் ஊட்டியும் 43-ஆவது மண்டலம், ஏற்காடும் கொல்லிமலையும் 44. மண்டல எண்ணை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பாதீர்கள்.

### நாம் காட்டுப் பாதையில், அம்புக்குறி தார் ரோட்டில்

செட்டப், ரவுட்டிங், லாக் ஆன் ரோடு. அதை நோ என்று வையுங்கள். காருக்கு வைத்ததை மாற்றாமல் நடக்க வந்திருக்கிறீர்கள்.

## காம்பஸ் அம்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது

நின்றால் சுற்றுகிறது, நடந்தால் சரியாகிறது என்றால் உங்கள் மாடலில் காந்தக் காம்பஸ் இல்லாமல் இருக்கலாம். ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் இல்லை, 32எக்ஸில் உண்டு. இல்லாத கருவி நீங்கள் நகரும் திசையை வைத்துத்தான் வடக்கைக் கண்டுபிடிக்கும். இருபது முப்பது மீட்டர் நேராக நடந்துவிட்டுத் திரையைப் பாருங்கள்.

காம்பஸ் உள்ள கருவியிலேயே சுற்றினால், பக்கத்தில் இரும்பு, காந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அண்ணா, இது வடக்கையே காட்ட மாட்டேங்குது" என்று மூன்று வாரம் தொடர்ந்து கொண்டுவந்தார். என் மேசையில் வைத்தால் சரியாகக் காட்டும், அவர் நெஞ்சில் மாட்டினால் அறுபது டிகிரி திரும்பிக்கொள்ளும். கடைசியில் அவர் போட்டிருந்த சின்னப் பையின் மூடியைத் தடவிப் பார்த்தேன். துணிக்குள் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு காந்தப் பொத்தான் தைத்திருந்தது. பவர் பேங்க், கைப்பேசி, காரின் பானட் எல்லாமே இதைச் செய்யும்.

காந்தத்தை விலக்கிய பிறகும் கோணல் என்றால் காம்பஸ் பக்கத்தில் மெனு, கேலிபரேட் காம்பஸ். திரை சொல்கிறபடி மூன்று விதமாக மெதுவாகச் சுழற்றுங்கள். செல் மாற்றியதும் இதைச் செய்துவிடுவது நல்ல பழக்கம். கேலிபரேஷன் மூன்று முறை தோற்றால் சென்சார் கோளாறு. நடை மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்காகச் செலவழிக்க வேண்டாம். காம்பஸை அணைத்துவிட்டு ஒரு சாதாரண ஊசிக் காம்பஸ் வாங்கிப் பையில் போடுங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், அதனால் ஊசி காட்டுவதை அப்படியே நம்பலாம்.

## உயரம் தப்பாக வருகிறது

### முகாமில் அசையாமல் இருக்கும்போதே உயரம் ஏறுகிறது

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி இது. வெப்பமண்டலப் பகுதியில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்தில் இருந்து, மாலை நாலு மணி வாக்கில் மூன்று நாலு மில்லிபார் இறங்கும். ஒரு மில்லிபாருக்கு எட்டு முதல் பத்து மீட்டர். ஆக, பகல் முழுவதும் ஒரே பாறையில் உட்கார்ந்திருந்தாலும் முப்பது மீட்டர் ஏறியதாகக் காட்டும். மழை மேகம் வந்தால் இன்னும் கூடும்.

தெரிந்த உயரம் உள்ள இடத்தில் அல்டிமீட்டரைக் கேலிபரேட் செய்யுங்கள். நமக்கு இதற்கு அருமையான வசதி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். நீலகிரி ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் 326, போய்ச் சேரும் உதகமண்டலம் 2203. தொட்டபெட்டா உச்சி என்றால் 2637 மீட்டர். நடை தொடங்கும் முன் ஒரு முறை, மதியம் தெரிந்த இடம் வந்தால் இன்னொரு முறை.

கேலிபரேட் செய்து அரை மணியில் நூறு மீட்டர் தவறினால் சென்சார் துளையைப் பாருங்கள். கருவியின் பின்பக்கம் இருக்கும் சின்னத் துளைகளில் சேறு அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள், உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

### கைப்பேசியும் கருவியும் 90 மீட்டர் மாறுபடுகின்றன

பெரும்பாலும் கருவிதான் சரி. தென்னிந்தியப் பகுதியில் கடல் மட்டமே ஜிபிஎஸ் கணக்கிடும் முட்டை வடிவப் பரப்புக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே இருக்கிறது. கையடக்கக் கருவி அதைத் திருத்திக் காட்டும். சில கைப்பேசி ஆப்கள் திருத்தாமல் அப்படியே காட்டும். மெரினா மணலில் நின்று பார்த்தால் அந்த ஆப்பில் உயரம் மைனஸில் வரும். ஆப்பின் செட்டிங்கில் கடல் மட்ட உயரம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

## வழிகாட்டச் சொன்னால் ஊரைச் சுற்றிக் கூட்டிப்போகிறது

எதிரில் தெரியும் முகட்டுக்கு வழி கேட்டால் அறுபது கிலோமீட்டர் தார் ரோட்டில் போகச் சொல்கிறதா? செட்டப்பில் ரவுட்டிங், ஆக்டிவிட்டி என்பதை டைரக்ட் ரவுட்டிங் என்று மாற்றுங்கள்.

ஆனால் நேர்கோடு நேர்கோடுதான். நடுவில் இருக்கும் பள்ளத்தையும் பாறையையும் கருவி கணக்கில் எடுக்காது. மலையில் வழிகாட்ட ஏற்கெனவே யாரோ நடந்த டிராக்கைப் போட்டுப் பின்தொடர்வதுதான் பத்திரம். திரும்பி வரும்போது உங்கள் சொந்த டிராக்கில் டிராக்பேக், அதாவது வந்த வழியே திரும்பக் காட்டும் வசதி.

## மேப் வெறுமையாக இருக்கிறது

செட்டப், மேப், செலக்ட் மேப். பெயர் இருந்து டிக் இல்லாமல் இருந்தால் டிக் போடுங்கள். பெயரே இல்லை என்றால் கார்டைக் கழற்றி மாட்டுங்கள். கார்டு 32 ஜிபிக்குள், ஃபேட்32 வடிவத்தில் இருக்க வேண்டும். வரைபடக் கோப்பு கார்மின் என்ற ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், வெளியே போட்டால் தெரியாது. பெயரும் டிக்கும் இருந்தும் வெறுமை என்றால் அந்தப் பகுதிக்கான வரைபடம் நீங்கள் இறக்கிய துண்டில் இல்லை.

## டிராக் கோணலாகவோ பாதியாகவோ வருகிறது

நடுவில் ஒரு நீண்ட நேர்கோடு இருந்தால் அந்த நேரத்தில் சிக்னல் இல்லை, அல்லது சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிட்டு நடக்கத் தொடங்கிய பிறகு ஆன் செய்திருக்கிறீர்கள். ஓய்வெடுத்த இடத்தில் நூல்கண்டு போலச் சிக்கல் இருந்தால் அது சிக்னல் ஆட்டம். மொத்த தூரத்தில் அந்தச் சிக்கலும் சேர்ந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

வேறொருவர் கொடுத்த டிராக் பாதி வழியில் அறுந்துபோனால் கவனம் தேவை. பல கருவிகள் ஒரு டிராக்கில் 10,000 புள்ளிகள்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தை வெட்டிவிடும். கிளம்பும் முன் திரையில் டிராக்கின் கடைசி முனை வரை நகர்த்திப் பாருங்கள். வெட்டியிருந்தால் கணினியில் இரண்டு துண்டாக்கி ஏற்றுங்கள்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கிய டிராக் கோப்பில் 00:30 என்று இருப்பது சரிதான். கோப்பில் உலகப் பொது நேரம்தான் பதியும், நம்முடையது ஐந்தரை மணி நேரம் முன்னால்.

## ஆரம்பத் திரையிலேயே நின்றுவிடுகிறது

செல்லை எடுத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு மெமரி கார்டு இல்லாமல் ஆன் செய்யுங்கள். இப்போது ஓடினால் கார்டில் உள்ள வரைபடமோ டிராக்கோ கெட்டிருக்கிறது. கார்டு இல்லாமலும் நின்றால் கணினியில் இணைத்து, கடைசியாக ஏற்றிய கோப்பை நீக்குங்கள். இணையாத மாடல்களுக்கு ஒரு பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகும் முறை உண்டு, கையேட்டில் இருக்கும். முழு ரீசெட் கடைசி வழி. அது உங்கள் வேபாயிண்ட் எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

## திரைக்குள் ஆவி படிகிறது

இந்தக் கருவிகள் பொதுவாக ஐபிஎக்ஸ் 7 தரம், அதாவது ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம். கடல் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளே ஆவி தெரிந்தால் அணைத்து, செல்லை எடுத்து, யுஎஸ்பி ரப்பர் மூடியைத் திறந்து, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், ரப்பர் பிரிந்துவிடும். மறுபடி மறுபடி ஆவி வந்தால் சீல் போய்விட்டது, சர்வீஸ்.

## சர்வீஸுக்குக் கொடுக்கும் கட்டம்

ஆன்டெனா, சீல், உடைந்த திரை, அரித்த சர்க்யூட், உப்பிய பேட்டரி, இந்த ஐந்துக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. கொடுக்கும் முன் ஜிபிஎக்ஸ் கோப்புகளை (டிராக்கும் வேபாயிண்டும் இருப்பவை) கணினியில் எடுத்துவையுங்கள், கார்டையும் செல்லையும் கழற்றிவிடுங்கள், செய்து பார்த்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புதுக் கருவி விலையில் பாதிக்கு மேல் கேட்டால் நான் புதிதே வாங்கச் சொல்வேன்.

## எஸ்ஓஎஸ் அனுப்ப வழி தெரியவில்லை

சாதாரண கையடக்க ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும் செய்யும், யாருக்கும் எதையும் அனுப்பாது. அனுப்பக்கூடிய சாட்டிலைட் மெசேஜ் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதையோ சாட்டிலைட் போனையோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

## திரை ஒன்று சொல்கிறது, தரை ஒன்று சொல்கிறது

வரைபடத்தில் ஓடை இடதுபுறம், காதில் கேட்பது வலதுபுறம். இந்த அறிகுறிக்கு முதல் சோதனை நிற்பது. ஒரு எட்டுகூட வைக்காமல் ஐந்து நிமிடம் நின்று, சாட்டிலைட்டுகளைக் காட்டும் திரையில் பிழை அளவு எவ்வளவு என்று பாருங்கள். முப்பது மீட்டருக்குள் வந்து, டேட்டமும் வடிவமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கருவி சொல்வதுதான் சரி, நாம்தான் திரும்பியிருக்கிறோம். பிழை குறையாமலே இருந்தால் சொந்த டிராக்கில் வந்த வழியே திரும்புங்கள்.

கூட வரும் வழிகாட்டி வேறு பக்கம் கை காட்டினால் நான் அவர் பின்னால் போவேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது நடைபாதைகளை முன்பதிவுக்குத் திறந்தபோது, வழிகாட்டிகளாக அந்தந்த மலை மக்களையே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த யானைத் தடமும் காட்டாற்று நேரமும் எந்த வரைபடக் கோப்பிலும் இல்லை.

வழிகாட்டியும் இல்லை, டிராக்கும் இல்லை, வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றால் இடத்தை ஒரு வேபாயிண்ட்டாகக் குறித்துவிட்டு உட்காருங்கள். கருவியை அணைத்துச் செல்லை மிச்சம் பிடியுங்கள். கைப்பேசியில் உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் வழியாக 112 போகலாம், முயன்றுகொண்டே இருங்கள். இணைப்பு கிடைத்ததும் குறித்துவைத்த எண்ணைத் தசம டிகிரியில், ஒவ்வொரு இலக்கமாக, முதலில் வடக்கு, பிறகு கிழக்கு என்று படித்துவிட்டு, எதிர்முனையில் இருப்பவரை அதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.